ஒரே சட்டி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு: ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஹாஷ்

மாசக் கடைசியில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தால் எங்கள் வீட்டில் விழுவது உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான். ஃப்ரிட்ஜில் தேடினால் ஒரு கிண்ணத்தில் முந்தின நாள் கறி கொஞ்சம், பாதி வெட்டிய குடைமிளகாய், சில முட்டைகள் கிடைக்கும். ஐந்து பேருக்கு ராத்திரிச் சாப்பாடு இதிலேயே ஆகிவிடும். என் மனைவி வேலை முடிந்து வர எட்டு மணி ஆகும் என்பதால் வார நாட்களில் அடுப்பு என் பொறுப்பு. அடிக்கடி அதில் ஏறுவது ஹாஷ்.

எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கி, அகலமான கனத்த சட்டியில் மொறுமொறுவென்று சிவக்க வறுத்து, மேலே முட்டையை உடைத்து ஊற்றி, சட்டியோடு மேஜைக்குக் கொண்டுபோவதுதான் ஹாஷ். கேட்க அவ்வளவு சுலபம். ஆனாலும் பல வீடுகளில் இது குழைந்துபோன கிழங்காகத்தான் தட்டுக்கு வருகிறது. அதற்குக் காரணம் தண்ணீர். உருளைக்கிழங்கில் கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணீர். அதாவது ஒரு கிலோ கிழங்கை வாங்கினால் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீரையும் சேர்த்தே தூக்கி வருகிறீர்கள். கிழங்கின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் நன்றாக வருவதோ 140 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும்தான். மலிவான கிழங்கை ஆசையோடு சாப்பிட வைப்பது அந்தச் சிவப்பு. ஆகவே ஈரத்தை எப்படி விரட்டுவது என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

மூன்று பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் உள்ள எங்கள் வீட்டு அளவு இது: உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 2, குடைமிளகாய் 1, பூண்டு 3 பல், வெந்த இறைச்சி 200 கிராம், முட்டை 5, எண்ணெய் 4 மேஜைக்கரண்டி, கிழங்கு வேகும் தண்ணீருக்கு வினிகர் 1 மேஜைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள். குடைமிளகாய் விலை ஏறியிருந்தால் கால்வாசி முட்டைக்கோஸ் போதும். சொல்லப்போனால் எனக்கு முட்டைக்கோஸ்தான் பிடிக்கும். ஓரங்கள் கருகலாகச் சிவந்தால் அதில் ஓர் இனிப்பு வரும்.

200 கிராம் இறைச்சி என்றால் ஆளுக்கு 40 கிராம்தான். தனியாகத் தட்டில் வைத்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஹாஷில் அதைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிப் போடுவதால் ஒவ்வொரு வாயிலும் ஒரு துண்டு வந்துவிடுகிறது. குறைந்த செலவில் எல்லோரையும் நிறைவாகச் சாப்பிட வைப்பது இப்படித்தான். இது பழைய சங்கதி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் இறைச்சிக்கு ரேஷன் இருந்தது. 1940-இல் தொடங்கிய அது 1954-இல்தான் முழுமையாக நீங்கியது. அந்த வருஷங்களில் டின்னில் அடைத்த உப்பு மாட்டிறைச்சியைக் கிழங்கோடு சேர்த்து ஹாஷாக வறுத்துக் குடும்பங்கள் சமாளித்தன.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதும் நறுக்குவதும்

எந்த ரகக் கிழங்கிலும் ஹாஷ் வரும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வரும். மாவுத்தன்மை அதிகமுள்ள கிழங்கு வெளியே நன்றாக மொறுமொறுக்கும், உள்ளே பஞ்சாக இருக்கும், கொஞ்சம் அசந்தால் உடையும். வழவழப்பான சதையுள்ள கிழங்கு துண்டு துண்டாக நிற்கும், மொறுமொறுப்பு சற்றுக் குறையும். எது மலிவோ அதை வாங்குங்கள். எப்படியும் நறுக்கத்தானே போகிறோம், சின்னது, கோணல், தழும்பு விழுந்தது எல்லாம் பரவாயில்லை. முளை விட்டிருந்தால் அந்த இடத்தை ஆழமாகத் தோண்டி எடுத்துவிடுங்கள். பச்சை படர்ந்திருந்தால் அந்தப் பகுதியைத் தடிமனாகச் சீவிவிட வேண்டும். கிழங்கு முழுக்கப் பச்சையாக இருந்தாலோ கசந்தாலோ குப்பைதான். அதில் சோலனின் என்ற நச்சுப்பொருள் இருக்கும், வேக வைத்தாலும் போகாது.

கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கு சட்டியில் விழுந்ததும் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துக் கசந்துவிடும். காற்றோட்டமுள்ள இருட்டு மூலை போதும்.

தோல் மெலிதாக இருந்தால் நான் சீவுவதில்லை. பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் சரி. நேரமும் மிச்சம், கிழங்கும் மிச்சம். துண்டுகள் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் நடுவில் வேகாது, சிறிதானால் திருப்பும்போது நொறுங்கும். எல்லாம் அச்சு வார்த்த மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சின்னதாகவும் ஒன்று பெரிதாகவும் இருந்தால் சின்னது கருகிக்கொண்டிருக்கும்போது பெரியது பச்சையாக இருக்கும். நறுக்க நறுக்கத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், கறுக்காது. பிறகு இரண்டு தடவை அலசினால் வெட்டிய இடத்தில் ஒட்டியிருக்கும் மாவு வெள்ளையாகக் கரைந்து போகும். அது போகாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அரைவேக்காடு

பச்சைக் கிழங்கை நேராகச் சட்டியில் போட்டும் செய்யலாம். ஆனால் நேரம் இழுக்கும், எண்ணெயும் கூடுதலாகப் போகும். அரைவேக்காடாக வேகவைத்துக்கொள்வதே என் வழி. பாத்திரத்தில் துண்டுகள் மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, அந்த ஒரு மேஜைக்கரண்டி வினிகர். கொதி வந்து 5 நிமிடம். வினிகர் எதற்கு என்றால், புளிப்பான தண்ணீரில் கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையாது. அதனால் துண்டு உள்ளே வெந்தாலும் ஓரம் கலையாமல் நிற்கும். வறுத்து முடிக்கும்போது வினிகர் வாசனை ஏதும் தெரியாது. கத்தி முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்க வேண்டும், ஆனால் நடுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அதுதான் பதம்.

இப்போது வடிகட்டுங்கள். அவசரப்பட வேண்டாம். வடிதட்டில் ஒரு குலுக்கு குலுக்கி, அகலமான தட்டில் பரப்பி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். ஆவி பறக்கும் ஒவ்வொரு நொடியும் உங்களுக்கு லாபம், அந்த ஈரத்தைச் சட்டி விரட்ட வேண்டியதில்லை. தொட்டுப் பார்த்தால் மேற்புறம் உலர்ந்து, வெளுத்து, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். எண்ணெயைப் பிடித்து மொறுமொறுக்கப்போவது அந்தச் சொரசொரப்புதான்.

இதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. முதல் நாள் வேறு எதற்காவது கிழங்கு வேகவைக்கும்போது கூட ஒரு கிலோ போட்டு, ஆறியதும் முழுசாகவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மேலே சொன்ன தடை பச்சைக் கிழங்குக்குத்தான். வெந்த கிழங்கு குளிரக் குளிர அதன் மாவுச்சத்து இறுகும். மறுநாள் கத்தி வைத்தால் சுத்தமாக வெட்டுப்படும், சட்டியில் உடையாது. ஒரே கேஸ் செலவில் இரண்டு வேலை. நான் வேலை முடிந்து வந்த நாளில் அரை மணி நேரத்துக்குள் ஹாஷ் ஆவது இதனால்தான்.

சட்டி

கனமான இரும்புச் சட்டி, அடி தட்டையானது, 30 சென்டிமீட்டர் அகலம். இதற்கு இணை எதுவும் இல்லை என்பது என் கட்சி. வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் சூடேறும், அதுவும் அடுப்பின் சுடர் படும் வளையத்தில் மட்டும் முதலில் ஏறும். அதனால் மிதமான தீயில் 5 நிமிடம் வெறுமனே காயவிட்டு, இடையில் ஒரு தடவை சட்டியைக் கால்வாசி திருப்பிவிட வேண்டும். ஒருமுறை காய்ந்துவிட்டால் குளிர்ந்த கிழங்கைக் கொட்டினாலும் அதன் சூடு சட்டென்று விழாது. அந்தக் குணத்துக்காகத்தான் அதைத் தூக்கும் கைவலியைப் பொறுத்துக்கொள்கிறோம். நான்ஸ்டிக் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதிலும் செய்யலாம், ஆனால் வெறும் சட்டியைப் பெரிய தீயில் காய வைக்காதீர்கள், பூச்சு கெடும். முதலிலேயே எண்ணெய் விட்டு மிதமாகச் சூடாக்குங்கள்.

இந்த அகலத்துக்கு அரை கிலோ கிழங்குதான் ஒரே அடுக்காகத் தாராளமாகப் பரவும். ஒரு கிலோவையும் ஒன்றாகக் கொட்டினால் மேலே உள்ளவை கீழே உள்ளவற்றின் ஆவியில் வேகும், எதுவும் சிவக்காது. இரண்டு ஈடாக வறுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் இரண்டு அடுப்பில் இரண்டு சட்டி. அடுப்பில் நிற்கவே நேரமில்லாதவர்களுக்கு ஓவன்: எண்ணெயில் புரட்டி, தட்டில் பரப்பி, 220 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டால் போதும்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது

சட்டி காய்ந்ததும் இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். அது நெளிந்து மின்னும்போது கிழங்கைக் கொட்டிப் பரப்புங்கள். ‘சர்ர்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் சட்டி காயவில்லை. பரப்பியாயிற்றா? இனி 5 நிமிடத்துக்குத் தொடாதீர்கள்.

என் அம்மாவுக்கு இதைப் பார்க்கவே பொறுக்காது. "ஏன்டா சும்மா நிக்கிற? அடிபிடிக்கப் போகுது, கிளறு!" என்பாள். ஆனால் கிளறினால் என்ன நடக்கும்? சூடேறிக்கொண்டிருக்கும் பக்கம் மேலே போகும், குளிர்ந்த பக்கம் கீழே வரும், எந்தப் பக்கமும் 140-ஐத் தொடாது. கூடவே ஓரமெல்லாம் நொறுங்கும். முதலில் கிழங்கு சட்டியைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். அடியில் தோல் கட்டியதும் தானாக விட்டுவிடும். தோசைக்கரண்டியை ஓர் ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள். எதிர்த்து இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் திருப்பலாம்.

அந்த நேரத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்வது நல்லது. முதலில் வரும் சத்தம் பெரிதாக, ஈரமாக, படபடவென்று இருக்கும், ஆவியும் கிளம்பும். தண்ணீர் குறையக் குறையச் சத்தம் மெலிந்து, கூர்மையாகி, சிறு சிறு பொறிகளாக மாறும். ஆவி நின்று, வறுத்த ரொட்டி ஓரத்தின் மணம் வரும்போது அடிப்பக்கம் தயார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சதுரத்தின் நான்கு ஓரமும் கரும்பழுப்பாக, நடுவில் தேன் நிறமாக இருக்கும், நகத்தால் தட்டினால் ‘டக்’ என்னும். திருப்பிப் போட்டு இன்னும் 4 நிமிடம். அப்புறம் ஒரு தடவை புரட்டி 3 நிமிடம். ஆறு பக்கமும் சிவக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், இரண்டு மூன்று பக்கம் போதும். தட்டில் எடுத்து வைத்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி எண்ணெயோடு அடுத்த ஈடு.

வெண்ணெயில் வறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதிலுள்ள பால் துகள்கள் இந்தச் சூட்டில் கருகிவிடும். வாசனை வேண்டுமென்றால் கடைசியில் ஒரு சின்னத் துண்டு போட்டுப் புரட்டுங்கள்.

மற்றவை, வரிசைப்படி

வெங்காயத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். அதைக் கிழங்கோடு சேர்த்து முதலிலேயே போட்டால் சட்டி குளமாகும். ஆகவே கிழங்கு முழுவதும் வெளியே வந்த பிறகு, அதே சட்டியில் மீதி எண்ணெயில் வெங்காயம், ஒரு சிட்டிகை உப்போடு. அது வதங்கும்போது விடும் ஈரம் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொருக்கைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். கரண்டியால் சுரண்டிவிடுங்கள், ருசி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. வெங்காயம் ஓரங்களில் நிறம் மாறியதும் குடைமிளகாயோ முட்டைக்கோஸோ. தீயைக் கூட்டி, 4 நிமிடம். பூண்டு கடைசி ஒரு நிமிடம்தான், முன்னால் போட்டால் கசக்கும். மிளகாய்த்தூள் சேர்ப்பதானால் அதுவும் இங்கேதான், அரைத் தேக்கரண்டி.

தக்காளியை நான் சட்டிக்குள் விடுவதில்லை. அவ்வளவு பாடுபட்டு விரட்டிய தண்ணீரை அது ஒரே நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடும். வேண்டுமானால் பச்சையாக நறுக்கி, உப்பு தூவிப் பக்கத்தில் வையுங்கள். காளான் போடலாம், ஆனால் தனியாக முதலில் வறுத்து அதன் நீர் சுண்டிய பிறகுதான். உறைந்த பட்டாணி ஒரு கைப்பிடி கடைசியில் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இறைச்சிக்கு வருவோம். ஏற்கெனவே வெந்த கோழியோ மாட்டிறைச்சியோ என்றால் காய்கள் வதங்கிய பிறகு போட்டு, அதன் ஓரமும் சற்றுச் சிவக்கட்டும். பச்சை சாசேஜ் என்றால் கிழங்குக்கு முன்பே அதை உதிர்த்து நன்றாக வேக வறுத்து எடுத்துவிடுங்கள். அது விடும் கொழுப்பிலேயே கிழங்கை வறுத்தால் எண்ணெயும் மிச்சம், மணமும் கூடும். டின் கார்ன்ட் பீஃப், அதாவது முன்பு சொன்ன உப்பு மாட்டிறைச்சி என்றால் டின்னைச் சில மணி நேரம் குளிர வைத்து வெட்டினால் குழையாது. அதில் உப்பு அதிகம் என்பதால் மற்ற எதிலும் உப்பு போடும் முன் ருசி பாருங்கள். இறைச்சியே இல்லாத நாளில் வெந்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம். துணியில் ஒற்றி ஈரம் போக்கிப் போட்டால் வெடித்து மொறுமொறுக்கும். எங்கள் வீட்டில் இதற்குத்தான் ஆதரவு அதிகம், செலவும் குறைவு.

எல்லாம் ஆனதும் கிழங்கைத் திரும்பக் கொட்டி இரண்டே புரட்டு. உப்பும் மிளகுத்தூளும் இப்போது.

முட்டை

சட்டியில் கரண்டியால் ஐந்து குழி பறித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டை. நேராகச் சட்டியில் உடைக்காமல் சின்னக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றினால், ஓடு விழுந்தாலோ முட்டை கெட்டிருந்தாலோ மொத்தச் சாப்பாடும் பாழாகாது. தீயைக் குறைத்து மூடி போட்டு 4 முதல் 5 நிமிடம். வெள்ளைக்கரு கெட்டியாகி, மஞ்சள்கரு தளும்பும். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை விடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு: மூடி போட்டால் உள்ளே ஆவி சுற்றும், மேலே உள்ள கிழங்கின் மொறுமொறுப்பு கொஞ்சம் தளரும். பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக விருந்தாளிகள் வரும்போது குழி பறிப்பேன். வீட்டாருக்கு மட்டும் என்றால் முட்டையைத் தனியாகப் பொரித்துத் தட்டில் கிழங்கின் மேல் வைத்துவிடுவேன். ஒவ்வொருவருக்கும் அவர்கள் கேட்ட பதத்தில் கொடுக்கவும் முடிகிறது. என் மகனுக்கு மஞ்சள்கரு ஓடக் கூடாது, மகளுக்கு ஓடியே தீர வேண்டும்.

தட்டில் வைத்த பிறகு ஆளுக்கு நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு, அல்லது வினிகர். எண்ணெயும் மாவுச்சத்துமான இந்தச் சாப்பாட்டுக்கு அந்தப் புளிப்பு அவசியம் வேண்டும். சட்டியில் பிழியாதீர்கள், புளிப்பு நீண்ட நேரம் பட்டால் இரும்பின் மேலுள்ள எண்ணெய்ப் படிவம் போய்விடும். அம்மாவுக்குப் பல் வலி இருப்பதால் நடுவிலிருந்து மெத்தென்று உள்ளவற்றை எடுத்து, மஞ்சள்கருவில் பிசைந்து கொடுப்பேன். சட்டியின் ஓரத்தில் ஒட்டிய பொருக்குக்குப் பிள்ளைகளுக்குள் தினமும் பஞ்சாயத்துதான்.

சாப்பிட்டு முடித்ததும் இரும்புச் சட்டி கதகதப்பாக இருக்கும்போதே வெந்நீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் காயவைத்து, மெலிதாக எண்ணெய் பூசி வையுங்கள். ஊறப்போட்டால் துரு.

மீந்தால்? முட்டை தவிர்த்து மற்றதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் சவசவ என்று ஆகிவிடும், சட்டியிலேயே ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். நாங்கள் பெரும்பாலும் அதை மறுநாள் காலையில் கையால் மசித்து, ஒரு முட்டையும் ஒரு கரண்டி மைதாவும் சேர்த்து, வட்டமாகத் தட்டிக் கொஞ்சம் எண்ணெயில் வறுத்துவிடுவோம். மிதமான தீயில் ஒவ்வொரு பக்கமும் 4 நிமிடம், நடுவிலும் முட்டை வெந்திருக்க வேண்டும். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்தால் பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கு வேறு எதுவும் தேட வேண்டியதில்லை.